உழவர் ஆலோசனைக் குழுவும் அதிற் புதிதாய்ப் புகுவோரும்

அறிவு ஓரிடத்திற் குவிந்தும், அதனை வேண்டுவோர் பிறிதோரிடத்தில் வாடியும் இருத்தல் ஒரு நாட்டுக்கு நேரக்கூடிய வறுமைகளுட் பெரியதாம். மேட்டிலுள்ள கண்மாய் நிறைந்திருக்க, அதன் கீழுள்ள வயல் காய்ந்து கிடக்குமாயின், குறை கண்மாயினிடத்துமன்று, வயலினிடத்துமன்று. இடையிலுள்ள மடையினிடத்தும் வாய்க்காலினிடத்துமே உளதென்பதை எவரும் அறிவர். வேளாண்மைக் கல்வியின் நிலையும் இத்தகையதே. ஆராய்ச்சி நிலையங்களிற் பல்லாண்டு உழைத்துக் கண்ட உண்மைகள் உழவனது வரப்பைச் சென்று சேர ஒரு வாய்க்கால் வேண்டும். அதனையே வேளாண்மை விரிவாக்கம் என்பர். அவ்வாய்க்காலின் கடைமடையில் நிற்பவர் அரசாங்க அலுவலர் அல்லர். தம் ஊரார் பொருட்டுக் குழுவில் அமர்ந்திருக்கும் உழவரே ஆவர்.

அத்தகைய உழவர் குழுக்களிற் புதிதாய்ப் புகுவோர்க்கு முதலிற் கற்பிக்கவேண்டுவது யாது என்பதைப் பற்றி நமது கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். கல்லூரிச் சஞ்சிகையில் இப்பொருள் எதற்கு என்று வினவுவார் இருக்கலாம். நம் மாணவரிற் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அவருடைய தந்தையரும் தாயரும், சின்னாளிற் பின்னர் அவர்தாமும், இக்குழுக்களில் உறுப்பினராகக் கூடியவரே. ஆதலின் இது நமக்குப் புறம்பான பொருளன்று. பொதுப்படப் பேசுவதினும் ஓரிடத்தை எடுத்துப் பேசுதல் தெளிவு தருமாதலின், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் இரண்டு வட்டாரங்களை எடுத்துக்கொள்வோம்.

1985-ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தினின்று பிரிந்த விருதுநகர் மாவட்டத்திலே 11 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. அவற்றுள் மேற்கெல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்து கிடப்பவற்றுள் இவ்விரண்டும் சேர்ந்தவை. மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் செறிந்துள்ளன. இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தின் சுவையை அறியாதார் தென்பாண்டி நாட்டிற் சிலரே. சற்றுக் கீழிறங்கின் கண்மாய்ப் பாசனத்து நெல்வயல்களைக் காணலாம். கிழக்கே செல்லச் செல்லச் செவலும் கரிசலுமாகிய புன்செய் நிலங்களிற் பருத்தியும் மக்காச்சோளமும் பயறுவகைகளும் விளைகின்றன. இராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டு முதலே பஞ்சாலைத் தொழில் வேரூன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இற் புவிசார் குறியீடு பெற்றதென்றால், அதன் பின்னே மாடு வளர்த்துப் பால் கறக்கும் குடும்பங்கள் பல உண்டென்பதை மறத்தலாகாது.

இங்ஙனம் சில கல் தொலைவுக்குள்ளே மலைத்தோப்பு, கண்மாய் நஞ்சை, வானம் பார்த்த கரிசல் என மூவகை நிலங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒருவகை நிலத்துக்கு ஏற்ற யோசனை மற்றொன்றுக்கு ஏலாது. வடகிழக்குப் பருவமழை பத்து நாள் பிந்தினால் கரிசற்காட்டான் விதைப்பையை மாற்றவேண்டும்; தென்னந்தோப்புடையானுக்கு அக்கவலை இல்லை. மலையோரத்தானுக்கோ, காட்டுப்பன்றியும் யானையும் தோப்பிற் புகாதிருத்தலே முதற் கவலை. அம்மலைப் பகுதி 1988 முதல் சாம்பல்நிற அணிற் சரணாலயமாயிருந்து, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. ஆகவே அவனுடைய வினாவுக்கு வேளாண்மைத் துறை மட்டும் விடை சொல்ல இயலாது. வனத் துறையும் சேர்ந்தே சொல்லவேண்டும். ஓர் ஆணையை மேலிருந்து எழுதி எல்லார்க்கும் ஒன்றுபோல் வழங்கும் முறை இத்தகைய நாட்டிற் பயன்படாதென்பது இதனால் விளங்கும்.

இனி, உழவர்க்கு உதவியாக இங்கே நிற்கும் நிலையங்கள் யாவை? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உள்ளது. 1996-இல் வெளியான எஸ்.வி.பி.ஆர். 2 முதலிய பருத்தி வகைகள் அங்கே தோன்றியவை. அவ்வெழுத்துக்களே அவ்வூரின் பெயரைச் சுருக்கி வைத்தவை. அப்பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அருப்புக்கோட்டையில் உள்ளன. வட்டாரந்தோறும் வேளாண்மை விரிவாக்க மையமும், உதவி இயக்குநரும், ஊர்களைச் சுற்றிவரும் உதவி வேளாண்மை அலுவலரும் உளர். இவையனைத்தையும் ஒரு நூலிற் கோக்கும் பொருட்டு ஏற்பட்டதே அட்மா என வழங்கும் வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை. மாவட்டத்தில் ஆட்சித் தலைவர் தலைமையில் ஓர் ஆட்சிக் குழுவும், வட்டாரத்திற் பல துறை அலுவலர் கூடிய தொழில்நுட்பக் குழுவும், அதற்குத் துணையாக உழவர் ஆலோசனைக் குழுவும் அதில் உண்டு. வட்டாரக் குழுவின் மேல் மாவட்டக் குழுவும், அதன் மேல் மாநிலக் குழுவுமாக உழவரது ஆலோசனை படிப்படியாய் ஏறவேண்டுமென்பது ஏற்பாடு.

ஏற்பாடு நன்றே. ஆயினும் ஏணியைச் செய்துவைத்தல் ஒன்று; அதில் ஏறுதல் வேறொன்று. இவ்வேணியின் கீழ்ப்படியிற் காலை வைப்பவர் புதிய உறுப்பினர். அவர்க்குத் தம் வேலை இன்னதென்று தெரியாவிடின், மேற்படிகள் எத்துணை உறுதியாயினும் பயனில்லை. இதற்குச் சரித்திரமே சான்று பகரும்.

அமெரிக்க நாட்டிலே டெக்ஸாஸ் மாகாணத்துப் பருத்தியைக் காய்க்கூன்வண்டு அழித்துவந்த காலத்தில், 1903-ஆம் ஆண்டில், சீமான் நாப் என்னும் முதியவர் டெரல் என்னும் ஊரில் ஒரு புது முறையைத் தொடங்கினார். அரசாங்கப் பண்ணை ஒன்றை அமைத்து, உழவரை அங்கே வந்து பார்க்கும்படி அவர் அழைக்கவில்லை. அவ்வூர் உழவர் ஒருவருடைய சொந்த நிலத்திலேயே, அவருடைய சொந்தக் கையாலேயே, புதிய முறையைச் செய்யச் சொன்னார். நட்டம் நேரின் ஈடுசெய்வதற்கு ஊரார் சேர்ந்து ஒரு தொகையை உறுதியளித்தனர். அயலான் செய்து காட்டுவதினும் அண்டைவீட்டான் செய்து பிழைப்பதே உழவனுக்கு நம்பிக்கை தரும் என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார். அம்முறையினின்றே அந்நாட்டில் 1914-ஆம் ஆண்டின் விரிவாக்கச் சட்டம் பிறந்தது.

நம் பக்கத்திலேயே மற்றோர் உதாரணம் உண்டு. 1920-களில் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்திலே ஸ்பென்ஸர் ஹாச் என்பார், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பிற் கிராமச் சீரமைப்பு வேலையைத் தொடங்கினார். தேனீ வளர்ப்பதையும், நல்லினக் கோழி வளர்த்து முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்பதையும் அவர் பரவச் செய்தார். ஏழையினது கொல்லைப்புறத்திலேயே செய்யக்கூடிய வேலையை எடுத்துக்கொண்டமையால் அம்முயற்சி வேரூன்றியது. நிலமில்லாதவனும் அதிற் பங்குகொள்ளக்கூடியதாயிருந்தது.

பின்னர் அரசாங்கமே இவ்வேலையை மேற்கொண்டது. சென்னை மாகாணத்தில் 1946-இல் பிர்க்கா அபிவிருத்தித் திட்டமும், இந்தியா முழுமைக்கும் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும், 1953-இல் தேசிய விரிவாக்கப் பணியும் தோன்றின. கிராம சேவகர் ஒருவரே உழவு, சுகாதாரம், கல்வி, பாதை முதலிய யாவற்றையும் பார்க்கவேண்டியிருந்தமையால், எதையும் முற்றப் பார்க்க இயலாமற் போயிற்று. அக்குறையை நீக்கும் பொருட்டு, 1974 முதல் டேனியல் பெனார் என்னும் அறிஞர் வகுத்த பயிற்சியும் பார்வையும் என்னும் முறை, உலக வங்கியின் உதவியோடு இந்தியாவிற் பரவலாயிற்று. தமிழ்நாட்டில் அது 1981-இல் வந்தது. அலுவலர் பதினைந்து நாளுக்கொருமுறை குறித்த கிழமையிற் குறித்த ஊருக்கு வருவார். நூற்றுக்குப் பத்துப்பேர் அளவிற் தெரிந்தெடுக்கப்பட்ட தொடர்பு விவசாயிகளைச் சந்திப்பார். அவர்கள் மற்றையோர்க்குச் சொல்லவேண்டும். இதுவே அதன் சுருக்கம்.

அம்முறையில் நன்மை இல்லாமலில்லை. நாளும் கிழமையும் தவறாது அலுவலர் ஊருக்கு வரும் ஒழுங்கு அதனாலேயே ஏற்பட்டது. ஆயினும் பல மாகாணங்களில் ஒரே குறை காணப்பட்டது. தொடர்பு விவசாயியிடம் சொன்ன செய்தி அவரோடு நின்றுவிட்டது. அவர் பெரும்பாலும் நிலம் மிகுதியாயுடையவர்; சாலையோரத்தில் வீடுடையவர்; அலுவலர்க்கு நாற்காலி போடக்கூடியவர். அவருடைய கிணற்றுத் தோட்டத்துக்கு ஏற்ற யோசனை, மானாவாரிக்காரனுக்கு ஏற்கவில்லை. அன்றியும், செய்தி மேலிருந்து கீழே வந்ததேயொழியக் கீழிருந்து மேலே செல்லவில்லை. கடைமடைக்காரனுடைய வினாவை எவரும் கேட்டிலர். இக்குறையைக் கண்டே 1998-இல் 7 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் அட்மா முறையைச் சோதித்து, 2005 முதல் நாடெங்கும் விரித்தனர். வட்டாரத் திட்டத்தை உழவரைக் கேட்டு வகுக்கவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி.

இந்நூறாண்டுக் கதையிலிருந்து நாம் கொள்ளத்தக்க நீதி ஒன்றே. உழவர் தலைவர் என்பார் மேலிருந்து வரும் சொல்லைக் கீழே ஊதும் குழல் அல்லர்; கீழே எழும் வினாவை மேலே கொண்டுசெல்லும் தூதர் ஆவர். இதனை உணராத உறுப்பினர், பெயர் எதுவாயினும், பழைய தொடர்பு விவசாயியே. முறையை மாற்றிவிட்டு மனத்தை மாற்றாதிருப்பின், பெயர்ப்பலகைக்கு வண்ணம் பூசியதாகவே முடியும்.

இனி, புதிய உறுப்பினர்க்குப் பொதுவாக எவ்வாறு அறிமுகம் செய்யப்படுகின்றது? ஒரு மண்டபத்தில் அவரை அமர்த்துவர். திட்டங்களின் பெயர்களையும், மானியத்தின் அளவுகளையும், விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய சிட்டா, அடங்கல், சிறு விவசாயிச் சான்று முதலியவற்றையும் வரிசையாய்ச் சொல்லுவர். தேநீர் வழங்கப்படும், புகைப்படம் எடுக்கப்படும், வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டு அவர் வீடு திரும்புவார். திரும்பியவர் மனத்தில் நிற்பது யாது? குழு என்பது மானியம் வழங்கும் வாயில், தாம் அவ்வாயிலுக்கு அணுக்கமாய் நிற்பவர் என்னும் எண்ணமே. முதல் நாளிற் பதிந்த எண்ணம் எளிதில் மாறாது. அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவர்க்குக் காட்டியது அவ்வளவே.

திட்டங்களைத் தெரிவிக்காமல் இருப்பதெப்படி என்று கேட்பர். தெரிவிக்கவேண்டுவதே. ஆனால் அதற்கு ஒரு நாட் கூட்டம் வேண்டா. அச்சிட்ட கையேடு ஒன்று போதும். 2018 முதல் உழவன் செயலி கைப்பேசியிலேயே மானியத் திட்டங்களைக் காட்டுகின்றது. 2004-இல் ஏற்பட்ட கிசான் அழைப்பு மையத்தைக் கட்டணமின்றித் தாய்மொழியிலேயே கேட்கலாம். கருவி சொல்லக்கூடியதைக் கருவியே சொல்லட்டும். மனிதர் கூடும் நாளை, மனிதர் கூடினாலன்றி நடவாத வேலைக்குச் செலவிடுதலே தகும். அவ்வேலை இன்னதென்று நமக்குத் தோன்றியவற்றை ஒவ்வொன்றாய்ச் சொல்லுவோம்.

முதலாவது, புதியவரின் முதற் கூட்டம் வயலில் நடத்தல் வேண்டும். அதற்கு ஒரு சான்று காட்டுவோம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்திற் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ என்னும் அயல்நாட்டுப் பூச்சி, பின்னர்த் தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புக்களிற் பரவியது. ஓலையின் அடிப்புறத்தில் வெண்படலமும், மேற்புறத்திற் கரும்பூசணமும் கண்டு அஞ்சிய உழவர் பலர் கடைக்கு ஓடி நஞ்சு மருந்து வாங்கித் தெளித்தனர். ஆராய்ச்சியாளர் கூறியதோ வேறு. என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவி அவ்வீயின் குஞ்சுக்குள் வளர்ந்து அதனை அழிக்கின்றது. நஞ்சு தெளித்தால் ஈயோடு குளவியும் மடியும். பின்னர் ஈ முன்னினும் பெருகும். ஆதலின் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுக, ஓலையின் அடியில் நீரை விசையோடு பீச்சுக, கரும்பூசணத்துக்கு மைதாமாவுப் பசையைக் கரைத்துத் தெளிக்க, குளவியைக் காப்பாற்றுக என்பதே அவர் யோசனை. இதனை மண்டபத்தில் நூறுமுறை சொன்னாலும் உழவர் நம்புவது அரிது. பூச்சி தெரியத் தெரிய மருந்தடியாதே என்றால் எவர்தாம் நம்புவர்? ஆனால் தோப்பிலே ஓலை ஒன்றை வெட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கையிற் கொடுத்து, குஞ்சின் முதுகிற் குளவி வெளியேறிய வட்டத் துளையைக் காட்டுக. கண்ட ஒருவர் ஊருக்குச் சென்று பத்துப் பேருக்குக் காட்டுவார். காணாத ஒருவர் எவர்க்கும் சொல்லார்.

இரண்டாவது, ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரை அழைத்துச் செல்லுதல் வேண்டும். ஆனால் திருவிழாக் காண்பாரைப்போல் அன்று. ஒரு புதிய பருத்தி வகை உண்டாக ஏறக்குறையப் பத்தாண்டு வேண்டும். எத்தனை கலப்பு செய்தனர், எத்தனையைத் தள்ளினர், எந்நிலத்திற் சோதித்தனர், எந்நிலத்துக்கு ஏலாதென்று கண்டனர் என்பதை விஞ்ஞானியே வரிசைக்கால் அருகில் நின்று சொல்லவேண்டும். அப்பொழுது உழவர் அவரைக் கேட்கும் வினாக்கள் எழும்: பருத்தி எடுக்க ஆள் கிடையாத இக்காலத்தில் ஒருசேரக் காய் வெடிக்கும் வகை உண்டா? மழை பிந்தினால் எவ்வகை தாங்கும்? விஞ்ஞானிக்கும் அவ்வினாக்கள் வேண்டியவையே. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்பவர்க்கு இந்நிலையம் வீட்டுக்கு அடுத்ததுபோல் உள்ளது. அதன் வாயிலைக் கடந்து செல்லாமலே ஒருவர் ஆலோசனைக் குழுவில் அமர்ந்திருத்தல் முறையாமோ?

மூன்றாவது, நாம் மிக முக்கியமாகக் கருதுவது இது: குழுவில் இல்லாதாரை நாடிச் செல்லுதல். புதிய உறுப்பினர் முதல் மாதத்துக்குள் தம் ஊரிற் குழுவோடு தொடர்பில்லாத பத்துக் குடும்பங்களின் வாயிலுக்குச் சென்று, உங்கள் பயிரில் இவ்வாண்டு உங்களுக்கு விளங்காதது யாது என்னும் ஒரே வினாவைக் கேட்டு வருதல் வேண்டும். அப்பத்துள் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுவோர் இருக்கவேண்டும். அவர்க்குத் தம் பெயரிற் பட்டா இல்லை. ஆதலாற் பல உதவிகள் அவரை எட்டுவதில்லை. நட்டும் களையெடுத்தும் பருத்தி பொறுக்கியும் உழவின் பெரும்பங்கைச் செய்யும் பெண்டிர் இருக்கவேண்டும். அட்மா விதிகளே நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாத பொருளைப் பெண்டிர் பொருட்டுச் செலவிடவேண்டுமெனக் கூறுகின்றன. பொருள் ஒதுக்கினாற் போதாது; அவர் வாய்மொழியைக் கேட்கும் செவி வேண்டும். ஊர்க்கோடியிலும் சேரியிலும் வாழ்வோர் இருக்கவேண்டும். அவ்வாயில்களை மிதியாத காலையுடையவர் ஊருக்குத் தலைவர் ஆவதெங்ஙனம்?

நான்காவது, அறியேன் என்று சொல்லக் கற்பித்தல் வேண்டும். நம் நாட்டில் தலைவர் என்பார் எதற்கும் விடை வைத்திருக்கவேண்டும் என்னும் தப்பெண்ணம் உண்டு. உழவிலே தவறான விடை, விடையின்மையினும் கொடியது. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குட் புகுந்து, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைத் தாக்கியபோது, அப்புழுவை முன் கண்டவர் நம் ஊர்களில் ஒருவருமிலர். அறிந்தவர்போற் பேசியோர் சொற்கேட்டுக் கண்ட மருந்தை எல்லாம் தெளித்தவர் பணத்தையும் இழந்தனர், பயிரையும் இழந்தனர். பின்னர்ப் பல்கலைக்கழகத்தார் முறை வகுத்தனர்: கோடையுழவு செய்து எக்டேருக்கு 250 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுதல், விதைநேர்த்தி செய்தல், தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி முதலியவற்றை வரப்பைச் சுற்றி விதைத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், புழு இளமையாயிருக்கும்போதே குறித்த மருந்தைக் குறித்த அளவிற் குருத்திற் படும்படி தெளித்தல் என்பன. அறியேன், கேட்டு வந்து வெள்ளிக்கிழமை சொல்லுகிறேன் என்று ஒருவர் சொல்லி, வெள்ளிக்கிழமை தவறாது வந்து சொல்வாராயின், அவரே ஊராரின் நம்பிக்கைக்கு உரியவர்.

ஐந்தாவது, ஒரு குறிப்புப் புத்தகம். கேட்கப்பட்ட வினா, கேட்டவர் நிலத்தின் தன்மை, எவரிடம் அனுப்பப்பட்டது, விடை வந்த நாள் என நான்கு பத்திகள் போதும். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, விடை வராத வினாக்களை உரக்க வாசித்தலே ஆகுக. வட்டாரத்தில் தீராதவை மாவட்டக் குழுவுக்குச் செல்லட்டும். மாதந்தோறும் ஆட்சித் தலைவர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளும் இருக்கவே இருக்கின்றது. வாயாற் சொன்னது காற்றோடு போம். ஏட்டில் எழுதியது விடையை வருவித்தே தீரும்.

ஆறாவது, அண்டை வட்டாரத்தோடு உறவு. வெள்ளை ஈக்கும் படைப்புழுவுக்கும் ஒன்றிய எல்லை தெரியாது. இராஜபாளையத்துத் தோப்பில் இன்று காண்பது சின்னாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், அதற்கப்பால் வத்திராயிருப்பிலும் காணப்படும். ஆகவே இவ்வட்டாரக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறையேனும், பருவமழைக்கு முன் ஒருகாலும் அறுவடைக்குப் பின் ஒருகாலும், ஒன்றாய்க் கூடுதல் நலம். புதியவர் பழையவரைக் காண்பதற்கும், மலையோரத்தார் கரிசற்காட்டாரை அறிவதற்கும் இதனினும் சிறந்த வாயில் இல்லை.

கடைசியாக ஒன்று கூறுவோம். கசப்பாயினும் கூறியே ஆகவேண்டும். குழுவினர் தமக்கு வரும் நன்மையை நோக்கித் தம் பெயரை முதலில் எழுதிக்கொள்வரேல், மற்றை அறிவுரைகள் யாவும் வீணாம். விதையாயினும் தெளிப்பானாயினும் சுற்றுப்பயணமாயினும், உறுப்பினர் பெயர் பட்டியலின் அடியில் நிற்கட்டும். இதனை விதியாற் செய்விப்பதினும், முதல் நாளில் எல்லார் முன்னிலையிலும் அவர்தாமே வாக்களித்தல் மேலானது. ஊரார் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஒருமுறை தெளிப்பான் உறுப்பினர் வீட்டுக்குச் சென்றால், பத்துமுறை அவர் சொல்லும் யோசனை ஒருவர் செவியிலும் ஏறாது.

ஊதியமில்லாத ஓர் உழவர்மேல் இத்துணைப் பாரத்தைச் சுமத்தலாமோ என்று சிலர் இரங்கக்கூடும். இரக்கம் தக்கதே. ஆயினும் எண்ணிப் பார்ப்பின், தோப்பில் ஒரு நாள், ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நாள், பத்து வீடுகளுக்குச் சென்றுவர இரண்டு மாலை. இதற்கு மேல் முதல் மாதத்தில் நாம் கேட்கவில்லை. கண்மாய்க் கரை உடையும் இரவில் ஊரார் எவரும் கூலி கேட்டு மண்வெட்டி எடுப்பதில்லை. தம் கரை என்னும் உணர்வு ஒன்றே அவரை எழுப்புகின்றது. அவ்வுணர்வை ஊட்டுவதே அறிமுகத்தின் பயன். எழுதப் படிக்க அறியாதவர் குறிப்பு எழுதுவதெங்ஙனம் என்பாரும் உளர். அதற்கு விடை நம் மாணவரே. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவன் தன் தந்தைக்கோ அண்டைவீட்டு அம்மாவுக்கோ அப்புத்தகத்தை எழுதிக் கொடுக்கலாம். விடையை வாசித்துக் காட்டலாம். செயலியிற் காண்பதை விளக்கலாம். ஆனால் அவன் ஒன்றை மறத்தலாகாது. மண்ணைப் பற்றி அவன் தந்தை அறிந்ததும் ஓர் அறிவே. எழுதுகோல் அவன் கையிலிருப்பினும், சொல் அவருடையதாய் இருக்கட்டும்.

அலுவலர்க்கும் ஒரு சொல். புதிய உறுப்பினர் பத்து வினாக்களைக் கொண்டுவரும்போது அவற்றைத் தொல்லையெனக் கருதாது, வட்டாரத் திட்டத்தின் முதற் பக்கமாகக் கருதுதல் வேண்டும். முதன்முறை கொண்டுவந்த வினாவுக்கு விடை கிடையாதவர் இரண்டாம்முறை கொண்டுவாரார். பின்னர்க் குழு இருக்கும், கூட்டம் இருக்கும், பதிவேட்டில் ஒப்பமும் இருக்கும், உயிர்மட்டும் இராது.

மலையில் மழை பெய்கின்றது, கண்மாயும் நிறைகின்றது. ஆராய்ச்சி நிலையமும், அலுவலரும், திட்டமும், பொருளும் ஓரளவேனும் உள்ளன. குறைவாயிருப்பது மடைதிறந்து கடைவயல் வரை உடன் நடந்து செல்வோரே. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இனிக் குழுவிற் புகுவோர், மண்டபத்தினின்றும் எழுந்து வரப்பில் நடக்கவும், சொல்லுமுன் கேட்கவும், தமக்குமுன் பிறர்க்கு வேண்டவும் முதல் நாளிலேயே கற்பிக்கப்படுவாராக. நம் மாணவரும் அவர் அருகில் நின்று துணைசெய்வாராக.